துறைமுக வாசலில் ஒரு மாலை வகுப்பு

2025 ஆகஸ்ட் 4ஆம் தேதி தூத்துக்குடி சிப்காட்டில் வியட்நாம் நிறுவனமான வின்ஃபாஸ்டின் மின்சார கார் ஆலையை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தார். சுமார் 400 ஏக்கர் நிலம். தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார். மூவாயிரம் முதல் மூவாயிரத்து ஐந்நூறு பேருக்கு நேரடி வேலை. இப்படி ஓர் ஆலை வரும்போதெல்லாம் ஊரில் முதலில் எழும் கேள்வி, “நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு எத்தனை இடம்?” என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு அடுத்த கேள்விகள் பெரும்பாலும் எழுவதே இல்லை. அந்த மூவாயிரம் பேரை யார் தேர்ந்தெடுப்பது? ஷிப்ட் போடுவது யார்? சம்பளத்தில் நூறு ரூபாய் குறைந்தால் எந்த மேஜைக்கு முன்னால் போய் நிற்பது? சூப்பர்வைசர் மரியாதையில்லாமல் பேசினால் யாரிடம் சொல்வது?

இதற்கெல்லாம் எச்.ஆர். என்று ஒரு துறை இருக்கிறது. பெரிய கம்பெனிகளில் அதற்கென்றே படித்து வந்தவர்கள் இருப்பார்கள். ஆனால் தூத்துக்குடி போன்ற ஊரில் ஆள் நிர்வாகத்தின் பெரும்பகுதி நடப்பது ஏசி அறையில் அல்ல. சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தக்காரரின் ஆபீஸ், கன்டெய்னர் கிடங்கு, லாரி புக்கிங் அலுவலகம், மீன் பதனிடும் ஆலை, உப்புக் கம்பெனி ஆகியவைதான் அது நடக்கும் இடங்கள். அங்கே இந்த வேலையைப் பார்ப்பவர் பெரும்பாலும் டைம் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்தவராக இருப்பார். கணக்கில் கெட்டி என்பதால் சம்பளப் பட்டியல் அவர் கைக்கு வந்திருக்கும். பிறகு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. வேலைகளும் சேர்ந்திருக்கும். பத்து வருஷம் கழித்து ‘எச்.ஆர். எக்ஸிகியூட்டிவ்’ என்று ஒரு விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்திருப்பார்கள். ஆள் சமர்த்தராகவே இருக்கலாம். ஆனால் சட்டத்தை அவர் கற்றது ஆய்வாளர் வந்து நோட்டீஸ் கொடுத்த நாட்களில் மட்டும்தான்.

மனிதவள மேலாண்மையில் மேற்படிப்பு யாருக்கு வேண்டும் என்று கேட்டால் முதல் இடம் இவர்களுக்குத்தான். அதுவும் வேலையை விடாமல், ஊரை விடாமல் படிக்கும்படி வேண்டும். தூத்துக்குடியில் அதற்கென ஒரு மாலை நேரப் படிப்பு தொடங்குவது, புதிய ஆலைகளுக்குச் சாலையும் தண்ணீரும் கொடுப்பதைப் போன்ற ஓர் அடிப்படை ஏற்பாடு.

ஆலைக்கும் தொழிலாளிக்கும் இடையிலான தகராறு இந்த ஊருக்குப் புதிய விஷயம் அல்ல. 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஹார்வி சகோதரர்களின் ஆலை அது. கூலி குறைவு, வேலை நேரம் நீளம், வார விடுமுறை கிடையாது. வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கூட்டங்களில் பேசினார்கள். ஊரே தொழிலாளர் பக்கம் நின்றது. வேலைநிறுத்தத்துக்கு எதிராகப் பேசிய ஒரு வக்கீலுக்குப் பாதிச் சவரத்திலேயே நாவிதர் கத்தியை மடக்கிவிட்டுப் போய்விட்டார் என்று இன்றைக்கும் சொல்வார்கள். ஒன்பது நாள் கழித்து, மார்ச் 7ஆம் தேதி, கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றுக்கொண்டு தொழிலாளர்கள் உள்ளே போனார்கள். கல்கத்தாவில் அரவிந்தர் தம் ‘வந்தே மாதரம்’ பத்திரிகையில் இதைப் பாராட்டி எழுதினார். கோரல் மில் படிந்து வந்ததைப் பார்த்து ஊரில் இருந்த மற்ற வெள்ளைக்காரக் கம்பெனிகளும் தங்கள் ஆட்களின் கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று.

இந்தக் கதையை விடுதலைப் போராட்டத்தின் ஒரு பக்கமாகவே பள்ளியில் படிக்கிறோம். தொழில் உறவு என்ற கோணத்தில் பார்த்தால் வேறு சில விஷயங்கள் கண்ணில் படும். தொழிலாளர் சார்பில் நின்ற வ.உ.சி. வக்கீல் மட்டுமல்ல, ஒரு கம்பெனியைக் கட்டி எழுப்பியவரும்கூட. 1906 அக்டோபர் 16 அன்று பதிவான சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காகப் பங்கு திரட்டியவர், ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு கப்பல்களைக் கொண்டு வந்தவர். கப்பலுக்கு ஆள் வேண்டும், நிலக்கரி வேண்டும், மாதம் பிறந்தால் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். முதலாளி எந்த இடத்தில் இறங்கி வருவான், எந்த இடத்தில் வீம்பு பிடிப்பான் என்று தெரிந்த ஒருவர் தொழிலாளர் பக்கம் உட்கார்ந்தார். பேச்சுவார்த்தை ஒன்பதே நாளில் முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. எதிர்ப்பக்கத்தில் அப்படி யாரும் இல்லை. தொழிலாளியின் குறையை, அது தெருவுக்கு வருமுன் காதில் வாங்கிக்கொள்ள ஆலைக்குள் ஒரு நாற்காலியும் போட்டிருக்கவில்லை. வேலைநிறுத்தம் முடிந்து ஐந்தாம் நாள் வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது.

அந்த நாற்காலியைப் போட அரசுக்குச் சுமார் நாற்பது ஆண்டு பிடித்தது. தொழிலாளர் நிலையை ஆராய 1929இல் அமைக்கப்பட்ட விட்லி கமிஷன் 1931இல் தந்த அறிக்கையில், ஆளெடுப்பதை மேஸ்திரிகளின் பிடியிலிருந்து விடுவித்து, அதற்கென்று தொழிலாளர் அலுவலர்களை நியமிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆள் பிடிப்பது, வேலை கொடுப்பது, கமிஷன் பிடுங்குவது, பிடிக்காதவனை வெளியே தள்ளுவது எல்லாமே அதுவரை மேஸ்திரியின் ராஜ்யம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 49ஆம் பிரிவின்படி, 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில் தொழிலாளர் நல அலுவலர் கட்டாயம் என்றது. அவருக்கு என்ன படிப்பு வேண்டும் என்பதை விதிகள் சொல்லின. இந்தியாவில் ஆள் நிர்வாகம் ஒரு பட்டமாக வளர்ந்ததில் இந்தப் பிரிவுக்குப் பெரிய பங்கு உண்டு. சமூகப் பணித் துறைகள் தொழிலாளர் நலப் பாடத்தைச் சேர்த்தன. பின்னால் எம்.பி.ஏ. வந்தது.

ஆலைகளுக்கு முன்னாலேயே இந்தக் கடற்கரையில் ஆள் நிர்வாகம் நடந்துகொண்டுதான் இருந்தது, அதுவும் பெரிய அளவில். முத்துக்குளிப்புக் காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் சில வாரங்களுக்கு ஒரே கரையில் கூடுவார்கள். கூலி கிடையாது, பங்குதான். வெள்ளைக்காரர் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. சுறாவைக் கட்டிப்போட மந்திரம் சொல்பவர் வராமல் ஆட்கள் கடலில் இறங்க மறுத்ததால், சர்க்காரே அவரை அமர்த்திக்கொண்டது. பணியிடப் பாதுகாப்பு என்று இன்றைய பாடப் புத்தகம் சொல்வதற்கு அன்றைய ஏற்பாடு அது. குளிப்பவனின் கயிற்றை மேலே இருந்து பிடிக்க மைத்துனனைத்தான் வைப்பார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. தங்கை தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டானாம். இன்னும் பின்னால் போனால், கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனைக் கைதிகளை வேலைக்கு வைத்திருந்தார்கள் என்று முதலாம் நூற்றாண்டின் கிரேக்க மாலுமிக் கையேடான ‘பெரிப்ளூஸ்’ எழுதி வைத்திருக்கிறது. 1961ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றது. சங்கு குளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இனி இன்றைய துறைமுகத்துக்கு வருவோம். தூத்துக்குடிப் புதிய துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமானது. இப்போது வ.உ.சிதம்பரனார் பெயரில் இருக்கும் துறைமுக ஆணையம், ஆண்டுக்கு நான்கு கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாள்கிறது. கன்டெய்னர் முனையங்களைத் தனியார் நடத்துகிறார்கள். ஒரே வாசலுக்குள் நிரந்தர ஊழியர் ஒரு சம்பளத்திலும், தனியார் முனையத்து ஊழியர் வேறு சம்பளத்திலும், ஒப்பந்தக் கூலி இன்னொரு சம்பளத்திலும் வேலை செய்கிறார்கள். இதில் வெளியூர் மாணவருக்குப் புத்தகத்தில் கிடைக்காத ஒரு நுணுக்கம் உண்டு. பெருந்துறைமுகத்துத் தொழில் தகராறு மத்திய அரசின் தொழிலாளர் ஆணையரிடம் போகும். வாசலைத் தாண்டி வெளியே வந்தால், சிப்காட்டில் இருக்கும் ஆலையின் தகராறு மாநிலத் தொழிலாளர் துறையிடம் போகும். இரண்டு இடத்திலும் ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் ஒருவராகவே இருக்கலாம். அவருடைய ஆபீசில் பதிவேடு எழுதுபவருக்கு இரண்டு சர்க்காரும் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கு மேல் இப்போது சட்டமே மாறியிருக்கிறது. 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கி, 2025 நவம்பர் 21 முதல் அவை நடைமுறைக்கு வருவதாக மத்திய அரசு அறிவித்தது. நல அலுவலர் கட்டாயம் என்பதற்கான எண்ணிக்கை 500லிருந்து 250 ஆகக் குறைந்திருக்கிறது. வேலை நிபந்தனைகளைச் சொல்லும் நிலையாணைகள் 300 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்துக்கே என்று ஆகியிருக்கிறது. எல்லோருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம். குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவருக்கு ஒரு வருஷம் முடிந்தாலே பணிக்கொடை. தொழிற்சங்கங்கள் இவற்றில் பலவற்றைக் கடுமையாக எதிர்க்கின்றன; எதிர்ப்பதற்குக் காரணங்களும் இருக்கின்றன. ஆனால் எதிர்ப்பவரும் ஆதரிப்பவரும் முதலில் இதைப் படித்தாக வேண்டும். இருபது வருஷ அனுபவம் உள்ள லேபர் ஆபீசர்கூட இந்த விஷயத்தில் இன்று முதலாமாண்டு மாணவர்தான்.

ஒரு சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 7,000. மீதி 13,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படி, பயணப்படி என்று பல பெயரில் படிகள். இப்படிப் பிரித்துப் போடுவது பல கம்பெனிகளில் வழக்கம். அடிப்படை குறைந்தால் பி.எஃப். குறையும், பணிக்கொடை குறையும், கம்பெனிக்கு மிச்சம். புதிய வரையறை சொல்வது வேறு. விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. போனால், மிஞ்சியதைச் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். இங்கே பாதி என்பது 10,000. படிகள் அதற்கு மேல் 3,000 போகின்றன. ஆகவே சட்டத்தின் கண்ணில் இவருடைய சம்பளம் 7,000 அல்ல, 10,000. ஒரு வருஷ வேலைக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்ற பணிக்கொடைச் சூத்திரத்தில் போட்டால், பழைய கணக்கில் வருஷத்துக்கு 4,038 ரூபாய். புதிய கணக்கில் 5,769 ரூபாய். பத்து வருஷம் வேலை செய்தவருக்கு வித்தியாசம் பதினேழாயிரத்துக்கு மேல். ஒரு தொழிலாளி இந்தச் சீட்டை நீட்டி, “சார், எனக்கு எவ்வளவு வரணும்?” என்று கேட்டால் சரியான பதில் சொல்லத் தெரிந்தவர் எத்தனை பேர்? சொல்லத் தெரிந்தும் சொல்லாமல் இருப்பவரைப் பற்றிப் பிறகு பேசலாம்.

தெரியாததால் வரும் நஷ்டம் சின்னதல்ல. தமிழ்நாட்டின் சமீப காலத்தைப் பார்த்தாலே போதும். 2009இல் கோவையில் பிரிக்கால் ஆலைத் தகராறு முற்றி, மனிதவளத் துறையின் உயர் அதிகாரி ஒருவர் தாக்கப்பட்டு உயிரிழந்தார். 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு கெட்டுப்போய் நூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஐபோன் ஆலை மூடிக் கிடந்தது. 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை அதே பகுதியில் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம், வேலை நேரம் போன்ற கோரிக்கைகள் இருந்தன. ஆனால் விவகாரத்தின் அடிநாதம் ‘எங்கள் சங்கத்தை அங்கீகரி’ என்பதுதான். உயர்நீதிமன்றம் வரை போய், சங்கம் பதிவானது 2025 ஜனவரியில். உலகப் பெயர் பெற்ற கம்பெனிகளில் எச்.ஆர். ஆட்களுக்குப் பஞ்சமா என்ன? பட்டம் இருந்தது. விடுதிச் சமையலறைக்குள் போய் எட்டிப் பார்க்கும் பழக்கமும், சங்கத்தோடு மேஜையில் உட்காரும் பழக்கமும் இருந்தனவா என்பதுதான் கேள்வி.

ஆகவே எந்தப் படிப்பு என்பதும் முக்கியம். இன்றைய எம்.பி.ஏ. எச்.ஆர். பாடத்திட்டங்கள் பலவற்றில் திறமை மேலாண்மை, தலைமைப் பண்பு, பணியாளர் ஈடுபாடு என்று பெரிய பெரிய அத்தியாயங்கள். தொழிலாளர் சட்டம் ஒரே ஒரு தாள். கூட்டுப் பேரம் அதில் ஓர் அத்தியாயம். செய்முறை என்று பார்த்தால் கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட். அதன் தலைப்பு அநேகமாக ‘இன்ன நிறுவன ஊழியர்களின் பணித் திருப்தி பற்றிய ஆய்வு’ என்றே இருக்கும். நூறு பேரிடம் கேள்வித்தாள். ‘மிகவும் திருப்தி’, ‘திருப்தி’, ‘கருத்து இல்லை’ என்று கட்டங்கள். நூறு பேர் என்பதால் சதவீதம் போடுவதும் சுலபம். கம்பெனி முத்திரையோடு ஒரு சான்றிதழ். பெரும்பான்மையோர் திருப்தியாக இருக்கிறார்கள் என்ற முடிவோடு நூலகத்துக்குப் போகும். அந்த ஆலையில் மறுமாசம் கேட் மீட்டிங் நடந்தால் அது வேறு விஷயம்.

மாற்று முன்மாதிரிகள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. 1949இல் ஜாம்ஷெட்பூரில் சேசு சபையினர் தொடங்கிய எக்ஸ்.எல்.ஆர்.ஐ. இன்று கோடிக் கணக்கில் சம்பளப் பேச்சு அடிபடும் மேலாண்மைப் பள்ளி. தொடங்கியபோது அது எஃகு நகரத்தில் மேலாளருக்கும் தொழிற்சங்கத்தாருக்கும் பயிற்சி கொடுத்த இடம். பிற்பாடு வேலை பார்ப்பவர்களுக்காக மாலை வகுப்புகளும் நடத்தியது. பெயரில் உள்ள ‘எக்ஸ்’ பிரான்சிஸ் சேவியரைக் குறிக்கிறது. 1542இல் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்து, கரையோர ஊர்களில் நடந்தே அலைந்தவர். தூத்துக்குடியில் இருந்த போர்ச்சுகீசிய கேப்டன் பரதவர்களைப் படுத்தியதைப் பற்றி 1544இல் தம் தோழர் மான்சிலாசுக்கு அவர் எழுதிய கடிதங்களில் கோபம் கொதிக்கிறது. கவர்னர் வரைக்கும் புகார் கொண்டுபோவதாக எச்சரிக்கிறார். அவர் பெயரில் தொழிலாளர் உறவுக்கு ஒரு பள்ளி ஜாம்ஷெட்பூரில் இருக்கிறது. அவர் நடந்த கரையில் அப்படி ஒன்றும் கிடையாது.

தமிழ்நாடு அரசும் 1973இலேயே சென்னையில் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தைத் தொடங்கியது. தொழிலாளர் மேலாண்மையில் இளங்கலை, முதுகலை தவிர, வேலை பார்ப்பவர்களுக்கென்றே மாலை நேர முதுநிலைப் பட்டயமும், வார இறுதியில் தொழிலாளர் சட்டப் பட்டயமும் நடத்தியிருக்கிறது. தொழிலாளர் நல அலுவலர் பதவிக்கு இந்தப் படிப்புகளுக்கு நல்ல மதிப்பு. பெயர் தெரியாத கோடீஸ்வரர் மாதிரி ஒரு நிறுவனம் அது. துறைக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே அருமை தெரியும். ஆனால் தூத்துக்குடியில் ஷிப்ட் முடித்துவிட்டு சென்னை மாலை வகுப்புக்குப் போக முத்துநகர் எக்ஸ்பிரஸ் உதவாது.

இப்போது இங்கே இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? தொலைநிலைக் கல்வியில் சேருகிறார்கள். அல்லது இணையவழி எம்.பி.ஏ. அதில் தவறில்லை, அங்கீகாரம் உள்ள தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 விதிகளே சொல்கின்றன. சேருமுன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அந்த ஆண்டு அனுமதி இருக்கிறதா என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் தேடுவது ஒன்று. நல அலுவலர் பதவியில் கண் வைத்திருப்பவர், மாநில விதி ஏற்கும் படிப்புதானா என்று விசாரிப்பது மற்றொன்று. எம்.பி.ஏ. என்ற மூன்று எழுத்தை நம்பி ஏமாறக்கூடாது. பெரிய பெயர் கொண்ட கல்வி நிறுவனங்கள் லட்சங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் ‘எக்ஸிகியூட்டிவ்’ சான்றிதழ்கள் பல, பட்டமே அல்ல. சுவரில் மாட்டலாம்.

தொலைநிலையில் கிடைக்காத ஒன்று உண்டு, அது பக்கத்து நாற்காலி. கன்டெய்னர் முனையத்தின் ஷிப்ட் சூப்பர்வைசர், அனல்மின் நிலையத்தின் டைம் ஆபீஸ்காரர், ஸ்பிக் உர ஆலையின் நல அலுவலகத்தில் உதவியாளர், லாரி ஒப்பந்தக்காரரின் மகன், துறைமுகத் தொழிற்சங்கத்தின் செயற்குழு உறுப்பினர் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் பாதிப் பாடம் அங்கேயே நடந்துவிடும். குறிப்பாகச் சங்கத்தாரைச் சேர்க்க வேண்டும். 2021ஆம் ஆண்டின் பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டம், ஆணையக் குழுவில் ஊழியர் நலனைப் பிரதிநிதித்துவப்படுத்த இரண்டு உறுப்பினர்களுக்கு இடம் தருகிறது. அந்த நாற்காலியில் உட்காருபவர் இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரிந்தவராக இருந்தால் யாருக்கு நஷ்டம்?

‘எச்.ஆர். என்றாலே முதலாளியின் ஆள். அவருக்குப் படிப்புச் சொல்லிக் கொடுக்க அரசு ஏன் மெனக்கெட வேண்டும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் பாதி உண்மை. சம்பளம் கொடுப்பவர் முதலாளிதான். மீதிப் பாதிக்கு விடை 1908இல் இருக்கிறது. விஷயம் தெரிந்தவர் மேஜையின் இரண்டு பக்கமும் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். ஒரு பக்கம் மட்டும் இருந்தாலும் அந்தப் பக்கம் தப்பிக்கும். படிப்பை முதலாளிகளின் பயிற்சி நிலையத்துக்கு விட்டுவிட்டால் அந்த ஒரு பக்கம் எதுவாக இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இடத்துக்குப் பஞ்சமில்லை. செயிண்ட் மேரிஸ், வ.உ.சி., காமராஜ் என்று அரை நூற்றாண்டு தாண்டிய கல்லூரிகள் ஊரில் இருக்கின்றன. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பக்கத்துத் திருநெல்வேலியில். தொழிலாளர் கல்வி நிலையம் பாடத்திட்டத்தையும் தேர்வையும் பார்த்துக்கொள்ள, உள்ளூர்க் கல்லூரி ஒன்று மாலையில் வகுப்பறையைத் திறந்துவிட்டால் போதும். தொழிலாளர் துறையின் ஓய்வுபெற்ற இணை ஆணையர்கள், ஆலைகளில் இருந்து ஓய்வுபெற்ற பர்சனல் மேனேஜர்கள் பாடம் நடத்தலாம். ஒரு சமரசப் பேச்சு எப்படி நடக்கும் என்பதை அவர்களைவிடச் சுவையாக யார் சொல்வார்கள்?

மொழி விஷயம் ஒன்று இருக்கிறது. நல அலுவலர் என்பவர், ஆலையில் பெரும்பான்மைத் தொழிலாளர் பேசும் மொழி தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது பழைய மாதிரி விதிகளிலேயே உண்டு. அவரை உருவாக்கும் படிப்போ முழுக்க ஆங்கிலத்தில். நோட்டீஸ், ஒப்பந்தம், விசாரணை அறிக்கை ஆகியவற்றைத் தமிழில் எழுதும் பயிற்சி இந்த வகுப்பில் கட்டாயமாக இருக்க வேண்டும். கூடவே கொஞ்சம் இந்தியும் ஒடியாவும். அரசியலை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால், இன்று கட்டுமானத்திலும் ஆலைகளிலும் வடக்கே இருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. பாதுகாப்பு அறிவிப்பு அவர்களுக்குப் புரியவில்லை என்றால் அந்தப் பலகையை மாட்டி என்ன பயன்?

ப்ராஜெக்ட்டுக்கும் நல்ல களம் இருக்கிறது. வேப்பலோடை, தருவைகுளம், முள்ளக்காடு என்று நகரைச் சுற்றி உப்பளங்கள். நாட்டில் குஜராத்துக்கு அடுத்து அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு தூத்துக்குடியில். விடியுமுன் பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுமுன் உப்பு வாரிச் சுமப்பவர்களில் பெண்கள் ஏராளம். மழை மாதங்களில் வேலை இல்லாததால் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கான உதவியாக 5,000 ரூபாயை மாநில அரசு கொடுக்கிறது. நியமனக் கடிதம் எல்லோருக்கும் கட்டாயம் என்கிறதே புதிய சட்டம், உப்பளத்தில் அதை யார் யாருக்குக் கொடுப்பது? நிலம் குத்தகைக்கு எடுத்தவரா, உப்பு வாங்கும் கம்பெனியா, ஆள் கூட்டி வரும் கங்காணியா? ஒரு மாணவர் இந்த ஒரு கேள்விக்கு ஆறு மாதம் உட்கார்ந்து விடை எழுதினால், அது நூறு கேள்வித்தாளைவிட மேல். கண் கூசும் வெயிலில் கறுப்புக் கண்ணாடியும் காலுக்கு பூட்ஸும் யார் வாங்கித் தருவது என்பதும் அதே ஆய்வில் வந்துவிடும்.

நேரம்தான் பெரிய சிக்கல். மூன்று ஷிப்ட் ஓடும் ஊரில் மாலை ஆறு மணி வகுப்பு என்றால் ஒவ்வொரு வாரமும் மூன்றில் ஒரு பங்கு மாணவர் வேலையில் இருப்பார்கள். ஒரே பாடத்தைக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை நடத்தி, எந்த வகுப்புக்கு வந்தாலும் வருகைப் பதிவு உண்டு என்று வைத்துக்கொண்டால் தீர்ந்தது. தேர்வு நாட்களுக்கு விடுப்பு கொடுப்பதை நிறுவனங்கள் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டணத்தைக் கட்டிவிட்டு, மூன்று வருஷம் வேறு எங்கும் போகக்கூடாது என்று பத்திரம் எழுதி வாங்கும் வழக்கத்தைக் கைவிட்டால் நல்லது. ஆளை வைத்துக்கொள்வது எப்படி என்று சொல்லித் தரும் படிப்புக்கே பூட்டுப் போட்டு அனுப்புவது வேடிக்கை.

எப்போது தொடங்கலாம் என்பதற்கு ஒரு தேதியும் கைவசம் இருக்கிறது. பெருந்துறைமுகத் தொழிலாளர் கூட்டமைப்புகள் 2024 ஆகஸ்ட் 28 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று அறிவித்தன. முந்தின நாளே அது கைவிடப்பட்டு, 8.5 சதவீத ஊதிய நிர்ணயத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2022 ஜனவரி 1 முதல் கணக்கு வைத்த அந்த ஒப்பந்தம் 2026 டிசம்பர் 31ஆம் தேதி முடிகிறது. அடுத்த பேச்சும் சொன்ன தேதியில் முடிந்துவிடும் என்று துறைமுகத்தில் யாரும் நம்பமாட்டார்கள். போன முறை இரண்டரை வருஷத்துக்கு மேல் இழுத்தது. அந்த இடைவெளிக்குள் ஒரு பேட்ச் தாராளமாகப் படித்து முடித்துவிடலாம்.